எழுத்து முகாமுக்குப் போகும் குமரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற இளம் எழுத்தாளர் முகாம்களுக்குப் பதினோரு வருடமாக எங்கள் பிள்ளைகளை அனுப்பி வருகிறேன். வருடத்துக்கு ஒருவர், இருவர். ஒரே ஒரு வருடம் நான்கு பேர். பரீட்சை முடிந்த மறுநாளே அதே கேள்விகள் அதே வரிசையில் போனில் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கேட்பது, அம்மாக்கள் கேட்பது, நடுவில் போனை வாங்கி அப்பாக்கள் கேட்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என் தொண்டை தப்பும்.

முகாமில் அப்படி என்னதான் செய்வார்கள் டீச்சர்?

இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை, பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கல். காலையில் ஒரு எழுத்தாளரோ பேராசிரியரோ பேசுவார். மதியம் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துப் பேசுவார்கள். ராத்திரி கவிதை வாசிப்பு, அரட்டை.

காலை அமர்வுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ராத்திரி அரட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆயத்தம் வேண்டியது மதிய அமர்வுக்குத்தான். அதைப் பற்றிக் கீழே நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் மாவட்டக் கல்லூரிகள் பலவும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதால் முதலில் திருநெல்வேலிப் பக்கம் விசாரியுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டம். கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் காரியவட்டத்தில் ஒரு தமிழ்த்துறை உண்டு. அப்புறம் மதுரை, சென்னை. எல்லா இடத்திலும் எல்லா வருடமும் முகாம் நடக்கும் என்று சொல்ல முடியாது. மார்ச் மாதத்திலேயே துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸப்பில் சுற்றுகிற போஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். அதில் தேதி இருக்கும், வருடம் இருக்காது. முந்தின வருடத்துப் போஸ்டரைப் பார்த்து ஒரு பையன் பெட்டியே கட்டிவிட்டான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இப்படி உண்டாமே?

உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கோடையில் இரண்டு வார முகாம் நடத்துகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் என்று நம் வீடுகளுக்கு அது எட்டாத செலவு. இணைய வழி வகுப்பும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகள் வேண்டுமானால் அதைப் பார்க்கலாம். தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ் கேட்கிற இடத்துக்குப் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தோடு ஒரு கதையோ நான்கைந்து கவிதையோ கேட்கிறார்கள். எதை அனுப்ப?

பேச்சுப்போட்டியில் கப் வாங்கித்தந்த கட்டுரையை அனுப்பாதீர்கள். 'தாய்மை', 'மரம் வளர்ப்போம்', 'பெண்ணே எழு' எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். தேர்வுசெய்கிறவர் மேசையில் அதே தலைப்பில் இன்னும் நாற்பது கிடக்கும்.

ஒரு மாணவி 'பெண்ணே எழு' வகையில்தான் ஒரு கவிதை கொண்டுவந்தாள். வாசித்துவிட்டு, "உங்க அம்மா என்ன வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டேன். முந்திரி ஆலை. "வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?" அவள் யோசித்துச் சொன்னாள்: கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்களாம். வறுத்த அண்டியை உடைக்கும்போது தோட்டிலிருந்து வருகிற பால் விரலைப் பொத்துப்போகச் செய்யும், நகத்தைக் கறுப்பாக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அந்தக் கையால் அம்மா தனக்குச் சோறு உருட்டிக் கொடுத்ததில்லை, தங்கைக்கும் கரண்டியால்தான் ஊட்டுவார்கள் என்றாள். அதை எழுது என்றேன். "இதெல்லாம் கதையா டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு பக்கம் எழுதிவந்தாள். நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை.

அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு பக்கம் அனுப்பச் சொன்னால் ஒரு பக்கம்தான். 'நாலு பக்கம் அனுப்பினால் ஆர்வம் தெரியும்' என்று நினைப்பது பரீட்சையில் அடிஷனல் பேப்பர் வாங்கிப் பழகிய புத்தி.

எந்த எழுத்துருவில் டைப் செய்ய வேண்டும்?

யூனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற முறை. வேறு எதிலும் வேண்டாம்.

பஜாரில் இருக்கிற டைப்பிங் கடைகளில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் குப்பை கொட்டினது போல இருக்கும். மேலே சொன்ன பிள்ளையின் முந்திரி ஆலைக் கட்டுரை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கே விஷயம் மே கடைசியில்தான் தெரிந்தது. பிழை என்னுடையது, அனுப்புவதற்கு முன் வேறொரு போனில் திறந்து பார்த்திருக்க வேண்டும். மறு வருடம் அதே கட்டுரையை யூனிகோடில் அனுப்பினோம், போனாள்.

போனிலேயே டைப் செய்யலாம். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பது பழகியிருந்தால் அதுவே போதும். நேரம் இருப்பவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு வேகம் பிடிக்கும். குரலைக் கேட்டு எழுதுகிற வசதியில் ல, ள, ழ குழம்பும், நம் உச்சரிப்புக்கு இன்னும் கூடுதலாகவே குழம்பும். கையால் எழுதி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தால், படம் எடுக்கும்போது விரல் நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கடைசியாகப் பிடிஎஃப் ஆக்கி இரண்டு போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் பேச்சு மலையாளம் மாதிரி இருக்கிறது, சிரிப்பார்கள். நல்ல தமிழுக்கு மாறிக்கொள்ளவா?

சிரிக்கத்தான் செய்வார்கள். விளவங்கோட்டிலிருந்து போன ஒரு பிள்ளை விடுதிச் சமையல்கார அண்ணனிடம் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்க, மதுரைப் பிள்ளைகள் ரெண்டு நாள் அவளை 'வெள்ளம்' என்றே கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வெள்ளம் என்றால் வைகையில் வருவது. நமக்கு டம்ளரில் வருவது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், வெள்ளமும் சாயாவும் அந்த வழியாக நம் வாயில் தங்கிவிட்டவை என்று பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். அவளுக்கு அன்று தெரியவில்லை, அறைக்குப் போய் அழுதாள். அதனால்தான் இப்போது எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.

எழுத்தில் மாறவே வேண்டாம். தேங்காய்பட்டணத்துக்காரரான தோப்பில் முகமது மீரான் நம் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சைத்தான் நாவல்களில் எழுதினார். 1997இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. வாசகர்கள் அகராதியைக் கட்டிக்கொண்டு அவரைப் படிக்கவில்லை.

ஆனால் ரெண்டு விஷயம். ஒன்று, வட்டாரச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுதாதீர்கள். 'அவள் விளையில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்' என்று எழுதினால், விளை என்பது தென்னை நிற்கிற இடம் என்பதை அந்த ஓலையே சொல்லிவிடும். இரண்டு, காட்டிக்கொள்வதற்காகத் திணிக்காதீர்கள். வீட்டில் அப்பா ஒரு நாளும் சொல்லாத 'லேய் மக்கா'வை வரிக்கு வரி போட்டால் அது சினிமாக் குமரி. உங்கள் அம்மா உங்களை எழுப்பும்போது என்ன சொல்வார்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

மதியக் குழுவில் நாம் எழுதியதைக் கிழிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

இதற்குத்தான் நான் பிள்ளைகளை மாதக்கணக்கில் பழக்குகிறேன்.

பல முகாம்களில் ஒரு விதி உண்டு: உங்கள் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. 1936இல் தொடங்கிய அயோவாவின் எழுத்துப் பட்டறை வழியாகத்தான் இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது. அங்கேயே இப்போது இந்த மௌன விதி பிடிக்காதவர்கள் நிறையப் பேர். எனக்கும் அரைமனதுதான். ஆனாலும் முதல் முறை போகிற பிள்ளைக்கு அது நல்லது செய்கிறது. 'இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா' என்று ஆரம்பிக்க முடியாதபோதுதான், சொல்ல வந்தது தாளில் ஏறவில்லை என்பது தெரியும்.

தூத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓகி புயலை எழுதினான். 2017 நவம்பர் 30. அந்த ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது நமக்குத் தெரியும். அவன் சித்தப்பா போன போட்டைப் பற்றிய கதை. குழுவில் ரெண்டு பேர் அழுதுவிட்டார்கள். "ரொம்ப டச்சிங்" என்றார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சங்கரன்கோவில் பிள்ளை ஒருத்தி மட்டும், "அந்தப் போட்டில் எத்தனை பேர் இருந்தாங்க? எனக்குத் தெரியவே இல்லையே. ஒருத்தர் மட்டும்தான்னு நினைச்சு வாசிச்சேன்" என்றாள். கடலையே பார்க்காத பிள்ளை. அவனுக்குச் சுருக்கென்று இருந்ததாம். போட்டில் பத்து பேர் போவார்கள், வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள், உள்ளே அடுப்பு இருக்கும், ஒருவர் சமைப்பார் என்பதெல்லாம் அவன் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் என்பதால் அவன் ஒன்றையும் எழுதியிருக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து சமைக்கிறவரை எழுதினான். கதையின் அந்தப் பகுதியில் புயல் வரவேயில்லை. மீன் குழம்புக்குப் புளி தீர்ந்துபோன சண்டை மட்டும்தான். அவன் எழுதியதிலேயே அதுதான் நல்ல பக்கம்.

'டச்சிங்' என்று சொன்னவர்கள் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் போய் அப்படிப் பேசாதீர்கள்.

அப்படியானால் மற்றவர் எழுத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

'நல்லாருக்கு', 'சூப்பர்', 'இன்னும் நல்லா எழுதலாம்' மூன்றும் என் வகுப்பில் தடை. கதையை ஒரு தடவை வாசித்துத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது எது ஞாபகத்தில் நிற்கிறது? அதைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண் வரியை விட்டு ஓடியது? அதையும் சொல்லுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று எங்கே குழம்பியது? இவ்வளவுதான். எழுதியவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. வாசித்தபோது உங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்வது மட்டும்தான்.

வீட்டிலேயே பழகலாம். இரண்டு கூட்டாளிகளோடு உட்கார்ந்து, உங்கள் கதையைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். அண்ணன் தம்பியை வைத்துச் செய்யாதீர்கள், சண்டை வரும்.

போவதற்கு முன் என்னென்ன புத்தகம் படிக்க வேண்டும்?

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். அதில் பிடித்த கதை ஒன்றை மூன்று தடவை வாசியுங்கள். மூன்றாவது தடவை பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு, கதை எந்த இடத்தில் தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று குறியுங்கள். நூலகப் புத்தகத்தில் குறிக்காதீர்கள்.

ஏஐயிடம் கேட்டு எழுதி அனுப்பலாமா?

கூடாது. மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முகாமில் முதல் நாளே "இப்போ, இங்கே, இருபது நிமிஷத்தில் ஒரு பக்கம்" என்பார்கள். அனுப்பின கதைக்கும் அந்தப் பக்கத்துக்கும் உறவே இல்லாவிட்டால் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் கதையை யாராவது திருடிவிட்டால்?

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்ததுமே அது உங்களுடையது. பதிவுசெய்தால்தான் உரிமை என்று இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் அறுபது வருடம் அந்த உரிமை நிற்கும். அனுப்பின மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொண்டால் தேதிக்குச் சாட்சி ஆயிற்று. மற்றபடி, பதினாறு வயசில் திருட்டுப் போகிற அளவுக்கு நம்மிடம் கதை இருந்தால் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது?

பருத்தி உடுப்பு. நமக்கு மே மாதத்திலும் இடையிடையே ஒரு மழை உண்டு, தென்னை நிழல் உண்டு. ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினால் உலகமே வேறு. அக்னி நட்சத்திர நேரத்தில் நெல்லையும் மதுரையும் கொதிக்கும். துண்டு இரண்டு, போர்வை, வாளிக்குப் பூட்டு வேண்டாம் ஆனால் பெட்டிக்குப் பூட்டு, தண்ணீர் பாட்டில், கொசுவத்தி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, ஆதார் நகல், பெற்றோர் ஒப்புதல் கடிதம். மூன்று பேனா. கோடு போட்ட தடிமனான நோட்டு ஒன்று. உங்கள் கதையின் அச்சுப்பிரதி எட்டுப் பத்து எடுத்துப் போங்கள். பல்கலைக்கழக வளாகம் ஊருக்கு வெளியே இருக்கும், ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது.

சாப்பாடு நம் பிள்ளைகளுக்குச் சிரமம்தான். சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் கறியும் தின்று வளர்ந்தவர்களுக்கு விடுதியின் வெள்ளைச் சோறும் சாம்பாரும் மூன்றாம் நாளே மடுத்துவிடும். ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். ஊறுகாயைக் கண்ணாடிக் குப்பியில் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் கதைத் தாள்கள் முழுக்க நல்லெண்ணெய் ஊறி, அதையே அவள் குழுவில் வாசித்தாள். முந்திரிக்கொத்தைக் கூடுதலாகவே வையுங்கள், அறைத்தோழிகளைச் சம்பாதித்துத் தரும்.

டிக்கெட் எப்போது போட வேண்டும்?

திருநெல்வேலி என்றால் கவலையே இல்லை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஏகப்பட்ட பஸ், சுமார் 80 கிலோமீட்டர். பல்கலைக்கழகம் அங்கிருந்து தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது; ஜங்ஷனில் இறங்கிவிட்டு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

சென்னை என்றால் இடம் உறுதியான அன்றே ரயிலில் போட்டுவிடுங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது. மே மாதத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சீக்கிரமே வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். கடைசி வழி தட்கல்: ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பொம்பளப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா டீச்சர்?

அப்பாமாரே, இந்தக் கேள்வியை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. என் மகளை அனுப்பினபோது நானும் கேட்டேன். ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகப் பேசுங்கள்: பெண்கள் விடுதி தனியா, ராத்திரி பெண் வார்டன் அங்கேயே தங்குவாரா, வெளியே போக வர என்ன விதி, உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி. தெளிவாகப் பதில் சொல்கிறவர்களிடம் அனுப்புங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்கிறவர்களிடம் அனுப்பாதீர்கள், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. முதல் தடவை கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். பையனை அனுப்பும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

சில இடங்களில் தங்கலும் சாப்பாடும் இலவசம், சில இடங்களில் கட்டணம். கட்ட முடியாவிட்டால் வெட்கப்படாமல் கடிதம் எழுதிக் கேளுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு போனால் குறைத்துக் கொடுப்பதுண்டு.

பணம் வாங்கிக்கொண்டு 'உங்கள் கவிதையைத் தொகுப்பில் போடுகிறோம், சான்றிதழும் கேடயமும் தருகிறோம்' என்கிறவர்களிடம் போகாதீர்கள். என்னிடம் சொல்லாமல் ஒரு பிள்ளை இரண்டாயிரம் ரூபாய் கட்டினாள். ஐந்து பிரதி வந்தது. உள்ளே அவள் கவிதை இருந்தது, மேலே வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது.

பிளஸ் டூ ரிசல்ட்டும் கவுன்சலிங்கும் அதே சமயத்தில் வருகிறதே?

மே மாதத்தின் பெரிய தலைவலி இதுதான். பொறியியல் கலந்தாய்வுப் பதிவும் கலைக் கல்லூரி விண்ணப்பமும் வழக்கமாக அப்போதுதான் திறக்கும். அதற்காக முகாமை விட வேண்டாம். விண்ணப்பத்தில் வீட்டில் இருக்கிறவர் போன் எண்ணைக் கொடுங்கள். பிள்ளையின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அங்கே போகும், பிள்ளை போனை அணைத்துவிட்டு வகுப்பில் இருக்கும், அப்பா நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் வேர்த்துக்கொண்டு நிற்பார். மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

இதனால் மார்க் ஏதாவது கூடுமா?

கூடாது.

போய் ரெண்டாம் நாளே போனில் அழுகிறாள். கூட்டிவந்துவிடவா?

உடம்புக்கு ஒன்றா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறுங்கள். இல்லை என்றால் ஒரு ராத்திரி பொறுங்கள். பெரும்பாலும் அன்று மதியம்தான் அவள் கதையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். 'என்ன சொன்னாங்க, யார் சொன்னது' என்று குடையாதீர்கள். "சாப்பிட்டியா மக்களே, முந்திரிக்கொத்து மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். மறுநாள் நீங்கள் போட்ட போனை அவள் எடுக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்யாதீர்கள், வார்டனுக்குச் செய்யுங்கள். அநேகமாக எங்கேயாவது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள்.